ஆலடி அருவியில் காணாமல் போன கார்டு

குற்றாலத்தை அடுத்த ஆலடி அருவியில் தண்ணீர் கூடுகிறதா குறைகிறதா என்பதைத் தண்ணீரைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் பழக்கம் போன ஆண்டோடு ஒழிக்கப்பட்டது. அருவி நீராடல் ஒழுங்குமுறை வாரியம் அதற்கென்றே ஒரு சுற்றறிக்கை விட்டிருந்தது. கண்ணால் பார்ப்பது ஆளுக்கு ஆள் மாறும். ஆகவே இனிமேல் மலைமேல் வைத்திருக்கும் மழைமானி அளக்கும், அளந்ததை இணையம் கொண்டுவரும், அருவிக்கரை அறையில் இருக்கும் கணினி 'நீராடல் நிறுத்த ஆணை' என்று ஒரு தாளை எண்ணோடு அச்சடித்துத் தரும். அந்த எண் கைக்கு வந்த பிறகுதான் காவலாள் விசில் ஊத வேண்டும். எண் இல்லாமல் ஊதினால் வேலை போகும் என்பது கடைசி வரி. சுற்றறிக்கையில் மொத்தம் நாலு பக்கம் இருந்தாலும் காவலாட்களுக்கு அந்தக் கடைசி வரி மட்டும் மனப்பாடம்.

இந்தச் சுற்றறிக்கைக்குக் காரணமே மாடத்திதான் என்று வாரியத்தில் பேச்சு உண்டு. பெண்கள் குளிக்கும் பக்கத்தில் காவலுக்கு நிற்பவள் அவள். வாரியம் கொடுத்த நீலச் சேலை, கழுத்தில் விசில், பன்னிரண்டு வருடமாகத் தற்காலிகப் பணி. குற்றாலத்தில் சாரல் தொடங்கினால் நின்றபடியே பகல் முழுக்க நனைவாள். வெள்ளம் வருவதற்கு முன்னால் முதலில் சருகு வரும், பிறகு சுள்ளி வரும், பிறகு தண்ணீர் செம்மண் நிறமாகும், சத்தம் கனக்கும். சருகிலேயே அவள் ஊதிவிடுவாள். இரண்டு வருடத்துக்கு முன் அப்படி ஊதியபோது, 'சோப்பு போடத் தடை' என்ற பலகைக்குக் கீழேயே தலை நிறைய நுரையோடு நின்ற மேலிடத்து விருந்தாளி ஒருவரின் குடும்பம் அப்படியே கரையேறி ஓட நேர்ந்தது. வெள்ளமும் வந்தது. ஆனால் விருந்தாளி எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. அளவு விஷயத்தில் அவருக்கு ஏற்பட்ட மனக்குறைதான் கோப்பாகி, மழைமானியாகி, கணினியாகிக் கரையில் வந்து உட்கார்ந்தது.

பன்னிரண்டு வருடத்தில் தன் பக்கத்தில் ஒருத்தியைக்கூட அவள் தண்ணீருக்குக் கொடுத்ததில்லை. அந்தக் கணக்கை எந்தப் பதிவேட்டிலும் யாரும் எழுதி வைக்கவில்லை. அவளுக்கு வேண்டியதெல்லாம் பணி நிரந்தரம். புளியங்குடியில் எலுமிச்சை மூட்டை ஏற்றும்போது லாரியிலிருந்து விழுந்து இடுப்பு போன கணவர் நாலு வருடமாகப் படுக்கையில் கிடக்கிறார். நிரந்தரம் ஆகப்போகிறவர்களின் பட்டியலில் அவள் பெயர் நாலாவதாக இருந்தது. வாயையும் விசிலையும் மூடிக்கொண்டு இருந்தால் இந்த சீசன் முடிவதற்குள் ஆணை வந்துவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள்.

ஜூன் மாதம் கணினி மெதுவாகிப் போனது. ஒரு எழுத்தைத் தட்டினால் அது திரையில் வருவதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, கணினியை இயக்கும் ஓஎஸ்ஸைப் புதிதாகப் போட வேண்டும் என்று தென்காசியிலிருந்து ஒப்பந்தப் பொறியாளர் பென்னி வந்து சொன்னான். வாரியம் அதை விழாவாகக் கொண்டாடியது. 'கணினி மறுநிறுவல் விழா' என்று பேனர் கட்டி, இணை இயக்குநர் ஆறுமுகநயினார் ஜீப்பில் வந்து இறங்கி, சுட்டியை ஒரே ஒருமுறை அழுத்தித் தொடங்கிவைத்தார். அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கணினிக்கும் ஒரு சிறிய பொன்னாடை இருந்தது. அவர் முக்கால் மணி நேரம் பேசினார். மனிதன் பார்த்தால் பயம் வரும், பயம் வந்தால் விசில் வரும், விசில் வந்தால் குளிப்பவருக்கு இடைஞ்சல் வரும், கணினிக்குப் பயமே கிடையாது என்றார். கூட்டத்தில் நின்ற மாடத்தியும் கை தட்டினாள்.

எல்லாரும் கேசரி சாப்பிட்டு முடித்தபோது பென்னியின் முகம் சரியில்லை. புது ஓஎஸ் நன்றாக ஓடியது. திரையில் இணை இயக்குநரின் படம்கூட வந்துவிட்டது. இணையம்தான் வரவில்லை. நெட்வொர்க் கார்டு என்று ஒன்று பெட்டிக்குள் இருக்கிறதாம், இணையம் அதன் வழியாகத்தான் உள்ளே வருமாம், புது ஓஎஸ்ஸுக்கு அந்தக் கார்டை அடையாளம் தெரியவில்லையாம்.

"சார், அந்தக் கார்டுக்குன்னு ஒரு டிரைவர் சாஃப்ட்வேர் இருக்கு. அதைப் போட்டா ஓஎஸ் கார்டைக் கண்டுக்கிடும். எங்கிட்ட பென்டிரைவ்ல இருக்கு, பத்து நிமிஷ வேலை" என்றான் பென்னி.

பென்டிரைவ் என்ற சொல்லைக் கேட்டதும் கண்காணிப்பாளர் ஜெயபிரியா எழுந்து நின்றுவிட்டார். வாரியத்தின் கணினிகளில் பென்டிரைவ் செருகுவதைச் சுற்றறிக்கை பதினேழு தடை செய்கிறது. செல்போனை இணைப்பதைப் பதினெட்டு தடை செய்கிறது. எந்த மென்பொருளானாலும் வாரியத்தின் இணையதளத்திலிருந்து, அந்தந்தக் கணினியிலேயே, இணையம் வழியாக மட்டும் இறக்கிக்கொள்ள வேண்டும் என்பது பத்தொன்பது. இணையமே இல்லையே என்றான் பென்னி. இல்லையென்றால் புகார் செய்யலாம், அதற்குத் தடை எதுவும் இல்லை என்று ஜெயபிரியா பொறுமையாக விளக்கினார். பழுதான கணினியிலிருந்தே இணையதளத்தில் புகாரைப் பதிய வேண்டும், மூன்று வேலை நாளில் ஆள் வரும்.

மூன்று வேலை நாள் கழிந்தது. புகார் எதுவும் பதிவாகாததால் ஆலடி அருவிக் கணினியில் பழுது எதுவும் இல்லை என்று வாராந்தர அறிக்கை போனது.

இதற்கிடையில் தினசரிப் படிவம் ஒன்று இருந்தது. மழையளவு என்ற கட்டத்தில் கணினி காட்டும் எண்ணை எழுதி அனுப்ப வேண்டும். கணினி ஒன்றும் காட்டவில்லை. கட்டத்தைக் காலியாக விட விதி இல்லை. ஆகவே தினமும் சுழியம் என்று எழுதினார்கள். ஒருநாள் ஆய்வுக்கு வந்த ஆறுமுகநயினார் மழையில் சொட்டச் சொட்ட அறைக்குள் நுழைந்து, குடையை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, படிவத்தில் பச்சை மையால் கையெழுத்துப் போட்டார். தாளில் ஒரு துளி விழுந்து சுழியத்தின் மை கொஞ்சம் கலைந்தது. அதை ஊதிக் காயவைத்துவிட்டுப் போனார்.

மாடத்திக்கு வினை வந்தது சொத்துப் பதிவேட்டின் வழியாக. வாரியத்தில் எந்தப் பொருள் வாங்கினாலும் அதன்மேல் மஞ்சள் பெயின்டால் எண் எழுதுவார்கள். நாற்காலிக்கு எண் உண்டு, வாளிக்கு உண்டு, துடைப்பத்தின் கைப்பிடிக்கும் உண்டு. கணினி வாங்கிய காலத்தில் யாரோ ஒரு கவனமான எழுத்தர் திரை, பெட்டி, விசைப்பலகை, சுட்டி என்று பிரித்துப் பிரித்து எழுதி, நெட்வொர்க் கார்டு ஒன்று என்றும் சேர்த்து, அதற்கு நாற்பத்து நான்கு என்று எண்ணும் கொடுத்திருந்தார். இப்போது கணினியே தன் வாயால் கார்டு எதுவும் இல்லை என்று திரையில் சொல்கிறது. பதிவேட்டில் ஒன்று, இருப்பில் இல்லை. ஆகவே பொருள் காணாமல் போயிருக்கிறது. மூன்று பேர் கொண்ட குழு அமைந்தது.

குழு வந்த அன்று பென்னி பெட்டியைத் திறந்து காட்டினான். கார்டு தனியாக எடுக்கக்கூடிய பொருளே இல்லை, மதர்போர்டோடு சேர்ந்தே செய்தது, இதோ கம்பி செருகும் இடம், இதோ அதில் பச்சை விளக்கு மினுங்குகிறது என்று விரலால் தொட்டே காட்டினான். குழுவினர் வரிசையாகக் குனிந்து பார்த்தார்கள். எங்கேயும் மஞ்சள் எண் இல்லை. மாடத்தியும் எட்டிப் பார்த்தாள். விளக்கு நன்றாகத்தான் மினுங்கியது.

குழுத் தலைவராக வந்திருந்த ஆறுமுகநயினார் பென்னியின் தோளில் கைவைத்து, "தம்பி, எரியுது ஒரு விளக்கு. அதை நான் மறுக்கலை. ஆனா விளக்கு இருக்குங்கிறது நீங்க சொல்றது, கார்டு இல்லைங்கிறது கம்ப்யூட்டர் சொல்றது. இந்த வாரியத்துல கம்ப்யூட்டர் பார்க்காத பொருள் இருக்கிற பொருள் ஆகாது. கண்ணை நம்புறதா இருந்தா நாங்க எதுக்கு இவ்வளவு சுற்றறிக்கை போட்டோம்?" என்று கேட்டார். மற்ற இருவரும் அதைக் குறித்துக்கொண்டார்கள்.

அறைச் சாவி மாடத்தியிடம்தான் இருந்தது. காலையில் அறையைப் பெருக்குவதும் அவள்தான். வாரியச் சொத்து எண் நாற்பத்து நான்கைக் களவாடியதாக ஏன் கருதக்கூடாது என்று அவளுக்கு ஒரு குறிப்பாணை வந்தது. பதில் வரும்வரை நிரந்தரப் பட்டியலில் அவள் பெயர் நிறுத்திவைக்கப்படுகிறது என்று அடியில் இருந்தது. அவள் அந்தத் தாளை நாலைந்து பேரிடம் வாசிக்கக் கொடுத்தாள். வாசிக்க வாசிக்க அவளுக்குப் பயம்தான் கூடியது. அருவியைத் தவிர வேறு எதன் பக்கத்திலும் பன்னிரண்டு வருடமாக அவள் நின்றதில்லை. திருடி என்ற சொல்லோடு வீட்டுக்குப் போய்ப் படுக்கையில் கிடக்கிறவர் முகத்தில் எப்படி விழிப்பது என்று உடைந்துபோய் அழுதாள்.

பென்னி அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "யக்கா, யாரும் பாக்காத நேரத்துல நான் வந்து பென்டிரைவைச் செருகிட்டுப் போயிருதேன். கார்டு வந்துரும், உங்க பேரும் வந்துரும்" என்றான்.

"வேண்டாம் தம்பி. கார்டை எடுத்தவளே கொண்டுவந்து வச்சுட்டாம்பாங்க" என்றாள் மாடத்தி. வாரியத்தின் போக்கு அந்த அளவுக்கு அவளுக்குப் பிடிபட்டிருந்தது. திங்கட்கிழமை வாரியத்தின் தென்காசி அலுவலகத்தில் விசாரணை. அதுவரை எந்த வம்பும் இல்லாமல் இருந்துவிட வேண்டும் என்று இருந்தாள்.

அதற்கு முந்தின சனிக்கிழமை நல்ல சாரல். வேன் வேனாக வந்து இறங்கினார்கள். பெண்கள் பக்கத்தில் மட்டும் அறுபது எழுபது பேர் அருவிக்குக் கீழே இடித்துக்கொண்டு நின்றார்கள். பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் டெம்போ ஓட்டும் பேச்சிமுத்துவின் மனைவி முத்துலட்சுமி, அக்காவோடும் நாத்தனாரோடும் வந்திருந்தாள். கழற்றி வைத்த வளையல்களை ஒரு கவரில் போட்டு மாடத்தியிடம் கொடுத்து, பத்திரம் அக்கா என்று சொல்லிவிட்டு, அருவியின் உள்பக்கம் பாறையை ஒட்டிய மூலைக்குப் போனாள். அங்கேதான் தண்ணீர் தோளில் நன்றாக அடிக்கும்.

மாடத்தி சருகைப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, பிறகு கொத்தாக. விசில் தானாக வாய்க்குப் போனது. ஊதவில்லை. ஊதினால் திங்கட்கிழமை தேவையே இல்லை, இன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். அறைக்கு ஓடினாள். கணினித் திரையில் இணை இயக்குநர் சிரித்துக்கொண்டிருந்தார். மூலையில் மணி பதினொன்று ஐம்பத்தொன்று. அச்சு இயந்திரத்திலிருந்து ஆணை எதுவும் வந்திருக்கவில்லை. செல்போனில் தென்காசி அலுவலகத்தைக் கூப்பிட்டாள். ஜெயபிரியா எடுத்து, காத்திருக்கச் சொல்லி, ஆறுமுகநயினாரிடம் கொடுத்தார்.

"கம்ப்யூட்டர் என்ன சொல்லுது?" என்று கேட்டார் அவர்.

"அதுலதான் நெட் இல்லியே சார்."

"அப்ப மழை இல்லை."

"சார், இங்கன சருகு வருது. கொத்துக் கொத்தா வருது. ஊதட்டா?"

"சருகுக்கு ஆணை எண் இருக்கா, மாடத்தி? ஏற்கெனவே உங்க மேல ஒரு விசாரணை இருக்கு. யோசிச்சுப் பேசுங்க. எதுவா இருந்தாலும் எழுத்துல கொடுங்க, பரிசீலிப்போம்."

அவள் போனைக் காதில் வைத்தபடியே வாசலுக்கு வந்து அருவியைப் பார்த்தாள். சுள்ளி வந்துகொண்டிருந்தது. அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார், விண்ணப்பத்தை யார் பெயருக்கு அனுப்ப வேண்டும் என்று. அவள் போனைக் கீழே போட்டுவிட்டு ஊதினாள். ஊதிக்கொண்டே ஓடினாள். பெண்கள் அலறிக்கொண்டு கரையேறினார்கள். அந்தச் சத்தம் கேட்டு ஆண்கள் பக்கத்திலும் ஏறினார்கள். அருவி செம்மண் நிறத்துக்கு மாறியபோது எல்லாரும் வெளியே இருந்தார்கள், முத்துலட்சுமியைத் தவிர. பாறை மூலையில் விசில் கேட்கப் பிந்திவிட்டது. பாதித் தூரம் வந்து கையை நீட்டினாள். மாடத்தி கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கித் தானும் கையை நீட்டினாள். இரண்டு கைக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது.

உடல் மாலை நாலு மணிக்குக் கீழே வாய்க்கால் தடுப்பில் கிடைத்தது. போனில் பேசிய நேரம் மூன்று நிமிடம் நாற்பது வினாடி என்று மாடத்தியின் செல்போன் காட்டியது. அதை அவள் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள். சருகைக் கண்டதும் ஊதியிருந்தால் அந்தப் பெண் இந்நேரம் வளையலை மாட்டிக்கொண்டு மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருப்பாள். அது மாடத்திக்குத் தெரியும். அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் ஆலடி அருவியில் யாரும் இல்லை.

செய்தி கேட்டு பென்னி பைக்கில் வந்தான். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. பென்டிரைவைச் செருகினான். சொன்னபடியே பத்து நிமிடம் ஆனது. கணினி கார்டைக் கண்டுகொண்டது, இணையம் வந்தது. இத்தனை நாளாக வாசலில் காத்துக்கிடந்த மழைக் கணக்கெல்லாம் மொத்தமாக உள்ளே வந்தது. அச்சு இயந்திரம் தானாக உயிர்பெற்று ஒரு தாளைத் துப்பியது. நீராடல் நிறுத்த ஆணை, எண் ஒன்று, பிறப்பித்த நேரம் பதினொன்று ஐம்பது. பென்னி அந்தத் தாளைத் தொடாமல் அப்படியே விட்டுவிட்டு வெளியே போனான்.

திங்கட்கிழமை மாடத்தி தென்காசிக்குப் போனபோது விசாரணை அறையில் அவளுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். அதுவே அவளுக்குக் கலக்கமாக இருந்தது. ஜெயபிரியா காபி வரவழைத்தார். ஆறுமுகநயினார் அச்சடித்த அந்தத் தாளைக் கண்ணாடித்தாள் உறையில் போட்டு மேசைமேல் வைத்திருந்தார். முதலில் களவுக் குற்றச்சாட்டை எடுத்தார். கணினி இப்போது கார்டைப் பார்ப்பதால் கார்டு இருக்கிறது, இருக்கும் பொருளை யாரும் திருடியிருக்க முடியாது, ஆகவே குற்றச்சாட்டு கைவிடப்படுகிறது. பென்னி பென்டிரைவ் செருகியதற்கு அவன் ஒப்பந்தம் ரத்து செய்யப்படுகிறது. அது தனிக் கோப்பு.

பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார். வாரியத்தின் ஏற்பாடு எவ்வளவு துல்லியமாக வேலை செய்திருக்கிறது பாருங்கள் என்றார். பதினொன்று ஐம்பதுக்கு ஆணை, ஐம்பத்தைந்துக்கு விசில். விதிப்படி ஐந்து நிமிட அவகாசம் உண்டு, மாடத்தி சரியாக அதற்குள் ஊதியிருக்கிறாள். எழுபது உயிர்கள் காப்பாற்றப்பட்டிருக்கின்றன. இறந்துபோன பெண் ஆணை பிறப்பித்த பிறகும் நீராடியிருக்கிறார், அது விதிமீறல். அவருடைய கணவரிடம் விளக்கம் கேட்டிருக்கிறோம், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். இதையெல்லாம் அவர் வருத்தத்தோடுதான் சொன்னார். சொல்லிவிட்டு இரண்டு தாள்களை அவள் பக்கம் நகர்த்தினார். ஒன்று பணி நிரந்தர ஆணை, பாராட்டுச் சான்றும் அதோடு சேர்த்துக் குத்தியிருந்தது. மற்றது, ஆணை எண் ஒன்றைக் கண்ணால் கண்ட பிறகே விசில் ஊதினேன் என்ற வாக்குமூலம். முதல் தாள் வேண்டுமானால் இரண்டாவதில் கையெழுத்து வேண்டும்.

மாடத்திக்குத் தன் வீட்டுக் கட்டில் நினைவுக்கு வந்தது. மாத்திரை அட்டைகள் நினைவுக்கு வந்தன. பேனாவை எடுக்கவும் செய்தாள். அவளுக்கு அந்த வேலை அவ்வளவு வேண்டியிருந்தது.

"ஆணை எதுவும் வரலை சார்" என்றாள். "நான் சருகைப் பாத்தேன். பாத்துட்டு உங்ககிட்ட போன்ல கேட்டுக்கிட்டு நின்னேன். வேலைக்குப் பயந்துதான் நின்னேன். அந்த மூணு நிமிஷத்தையும் அதுல எழுதுங்க. எழுதினா கையெழுத்துப் போடுதேன்."

ஆறுமுகநயினார் கோபப்படவில்லை. அவருக்கு உண்மையிலேயே அவள்மீது இரக்கம் இருந்தது. "மாடத்தி, அந்த மூணு நிமிஷம் எங்க பதிவு எதுலயும் இல்லைம்மா. இல்லாததை நான் எப்படி எழுத முடியும்?" என்றார்.

அவள் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தாள். ஜெயபிரியா காபி ஆறுகிறது என்றார்.

வெளியே பெஞ்சில் பேச்சிமுத்து உட்கார்ந்திருந்தார். இரண்டு நாள் தாடி, மடியில் வாரியத்தின் நோட்டீஸ். மாடத்தி இடுப்பில் செருகியிருந்த கவரை எடுத்து வளையல்களை அவர் கையில் கொடுத்தாள். யார் என்று சொன்னாள். தண்ணீர் வரப்போவது தனக்கு முன்னாலேயே தெரியும் என்றும் சொன்னாள். அவர் வளையல்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார்.

"தெரிஞ்சும் ஏன் தாயி ஊதலை?"

"கம்ப்யூட்டர்ல கார்டு இல்லைன்னு சொன்னாங்க, அண்ணாச்சி."

அவருக்குப் புரியவில்லை. இதை எங்கேயிருந்து தொடங்கி எப்படி விளக்குவது என்று அவளுக்கும் தெரியவில்லை. எவ்வளவு விளக்கினாலும் அது ஒரு பதிலாக ஆகாது என்று மட்டும் தெரிந்தது.

"அந்தக் கார்டு எங்கதான் போச்சு?" என்று கேட்டார் அவர்.

"எங்கயும் போகலை அண்ணாச்சி. உள்ளேயேதான் இருந்துச்சு" என்றாள் மாடத்தி.